வண்டியிலிருந்தே பறவை காணல்

(பெண்ணாடத்தில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசுவதுண்டு. உரத்தைப் பற்றிப் பேசுவதுண்டு. வாய்க்கால் தூர் வாருவதைப் பற்றியும் பேசுவதுண்டு. நாங்களோ பறவை பார்த்து வந்த கதையைச் சொல்வதற்காக உங்கள் முன் நிற்கிறோம். உள்ளே வரும்பொழுதே ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, “மடையிலே நிற்கிற கொக்கைப் பார்க்கக் காருக்கு வாடகை கொடுத்து இருநூறு கிலோ மீட்டர் போனீர்களாக்கும்?” என்று கேட்டுவிட்டார். அவர் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில், நாங்கள் ஏன் புறப்பட்டோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சுற்று வட்டாரத்து ஏரிகளுள் ஒன்று. பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். சென்ற மழைக் காலத்தில் அது நன்றாக நிரம்பிற்று. நிரம்பிய சில நாட்களில் வாத்துக் கூட்டங்கள் வந்திறங்கின. கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் நடுத் தண்ணீரில் மிதந்தன. நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கரையோரத்துச் சேற்றில் மேய்ந்தன. அதன் பின் இரண்டு காரியங்கள் நடந்தன. மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் பறவைகள் மீனைத் தின்றுவிடும் என்று அஞ்சி நாள்தோறும் காலையிலும் மாலையிலும் வெடி போடத் தொடங்கினார். மற்றொருபுறம், யாரோ சிலர் இரவில் வலை விரித்தார்கள். பிடிபட்ட பறவைகள் காலைக் கட்டிய நிலையில் சாலையோரத்தில் விலை பேசப்பட்டதை நாங்களும் கண்டோம், நீங்களும் கண்டீர்கள். நாம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் ஏரியில் பறவை இல்லை.

அந்த ஏரிக்கரையில் ஒரு நாள் மாலை நாங்கள் நால்வர் நின்று பேசிக் கொண்டிருந்தோம். பறவைகளைக் காத்து வைத்திருக்கும் இடங்கள் இந்த நாட்டில் உண்டே, அங்கே என்ன செய்கிறார்கள், அதை இங்கே செய்ய முடியுமா என்று பேச்சு எழுந்தது. போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். வேட்டங்குடி, கூந்தன்குளம் என்று பல பெயர்கள் அடிபட்டன. இறுதியில் கடலோரச் சதுப்பு நிலமாகிய கோடியக்கரையைத் தேர்ந்தோம். அங்கே காரில் இருந்தபடியே பறவைகளை மிக நெருக்கத்தில் காணலாம் என்று ஒருவர் கூறியதே காரணம். எங்களுள் இருவருக்கு முழங்கால் வலி என்பதும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குப் பெண்ணாடத்திலிருந்து வாடகைக் கார் ஒன்றில் புறப்பட்டோம். நாங்கள் நால்வர், ஓட்டுநர் ஒருவர். ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரணியம் என்று ஊர்கள் இருளில் கழிந்தன. வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; பாதித் தூரம் தூங்கிவிட்டோம். வேதாரணியத்தில் தேநீர் அருந்திய பொழுது கிழக்கு வெளுக்கவில்லை. 1930ஆம் ஆண்டு இராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. அவர்கள் நடந்து வந்தார்கள், நாம் காரில் வருகிறோம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சற்று வெட்கத்துடன் சிரித்தோம்.

கோடியக்கரை என்பது நம் கிழக்குக் கடற்கரை திடீரென்று மேற்கே திரும்பும் மூலை. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் பாக்கு நீரிணை. மூலையில் உலர்ந்த பசுமைக் காடு. காட்டை அடுத்து, மேற்கு நோக்கி முத்துப்பேட்டை வரையில் நீண்டு கிடக்கிறது பெருஞ்சதுப்பு நிலம். மழைக் காலத்தில் ஆறுகளின் நன்னீரும் கடலின் உப்பு நீரும் அதில் கலக்கின்றன. கோடையில் பெரும்பகுதி காய்ந்து உப்புப் பூத்த தரையாகிறது. 1967ஆம் ஆண்டு காட்டுப் பகுதி வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அப்பொழுது முதன்மையான நோக்கம் பறவையன்று. அங்கே திரியும் வெளிமான்களைக் காப்பதே. 2002ஆம் ஆண்டு காடும் சதுப்பும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் இதுவே. இருபது ஆண்டுகள் அது ஒன்று மட்டுமே இருந்தது. 2022ஆம் ஆண்டில் நம் பிச்சாவரமும் வேடந்தாங்கலும் வேறு பலவும் சேர்ந்தன. 2024இல் அரியலூருக்கு அப்பாலுள்ள கரைவெட்டி ஏரியும் சேர்ந்தது. கரைவெட்டி கடலோரச் சதுப்பன்று; மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பாசன ஏரி. இதை இங்கேயே குறித்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கோடியக்கரையில் வனத் துறையினரிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டிய வழியில் காரைச் செலுத்தினோம். உடன் வந்த வழிகாட்டி ஏறியவுடன் எங்களுக்கு நான்கு கட்டளைகள் இட்டார். கதவைத் திறக்கக் கூடாது. ஒலிப்பான் அடிக்கக் கூடாது. கையை வெளியே நீட்டிச் சுட்டக் கூடாது. வண்டி நின்றவுடன் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். “பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லை” என்று பின்னாலிருந்தவர் முணுமுணுத்தார்.

காட்டுப் பகுதியில் வெளிமான்களைக் கண்டோம். முறுக்கிய கொம்புடன் கருத்த கிடா ஒன்று, சாலையிலிருந்து முப்பது முழ தூரத்தில் எங்களைப் பார்த்தது. பின்பு மேய்ச்சலுக்குத் திரும்பிற்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்த வட்டாரம் அது. வேரோடு சாய்ந்த மரங்களின் எச்சங்கள் இன்னும் ஆங்காங்கே கிடந்தன. குட்டையான காட்டுக் குதிரைகளையும் கண்டோம். அவை எப்பொழுதோ மனிதர் விட்டுப் போன குதிரைகளின் வழி வந்தவை. மானின் புல்லுக்குப் போட்டியாகவும் இருக்கின்றன. நம் ஊரில் திரியும் கட்டாக் காலி மாடுகளை நினைத்துக் கொண்டோம்.

பிறகு சதுப்பு நிலத்துக்குள் சென்றோம். இங்கேதான் நாங்கள் கற்க வேண்டியதைக் கற்றோம்.

இருபுறமும் முழங்கால் ஆழத் தண்ணீர்; நடுவே ஒரு மண் சாலை. கார் மெதுவாக ஊர்ந்தது. சாலையின் ஓரத்தில், சக்கரத்திலிருந்து ஏழெட்டு முழ தூரத்தில், கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்து கொண்டிருந்தன. சிட்டுக் குருவி அளவுடைய பறவை. சேற்றில் தையல் எந்திரத்தின் ஊசிபோல் மூக்கை இறக்கி இறக்கி எடுத்தது. கார் அருகில் வந்தபொழுது அவை நான்கடி விலகின, பறக்கவில்லை. கார் நின்றது. என்ஜின் ஓய்ந்தது. சற்று நேரத்தில் அவை முன்பிருந்த இடத்துக்கே திரும்பி வந்து மேயத் தொடங்கின. அவற்றின் முதுகிலிருந்த செதில் போன்ற கோடுகளைக் கண்ணாடி இல்லாமலே எண்ணலாம் போலிருந்தது.

அவற்றுக்கு அப்பால் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களுடன் நடந்தன. உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. இன்னும் அப்பால் வெள்ளை நிறத்தில் நீண்ட கோடு ஒன்று தெரிந்தது. உப்புக் குவியல் என்று நினைத்தோம். தூரநோக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்த பின்னர்தான் அது பூநாரைக் கூட்டம் என்று தெரிந்தது. நீண்ட கழுத்தைக் கீழே வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சல்லடையால் சலிப்பது போல் இரையைச் சலித்து உண்ணும் பறவை அது. உப்பு நீரில் வாழும் சிறு உயிர்களிலிருந்தே அதன் இறகுக்கு அந்த இளஞ்சிவப்பு கிடைக்கிறது. அந்த இரை கிடைக்காவிடில் நிறம் வெளுத்துவிடும். சாணம் நன்றாக இட்ட வயலின் பயிரும் இடாத வயலின் பயிரும் நிறத்தால் வேறுபடுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அப்பொழுது எங்களுள் மூத்தவர், நாங்கள் பெரியப்பா என்று அழைப்பவர், தம்மை மறந்து கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான். கொசு உள்ளான்கள் ஒரே விசிறலாக எழுந்தன. அவற்றைக் கண்டு உப்புக்கொத்திகள் எழுந்தன. அரை பர்லாங்கு தூரத்திலிருந்த நாரைகளும் எழுந்தன. பூநாரைகள் கழுத்தை நிமிர்த்தி, அடியெடுத்து வைத்து, ஆழத்தை நோக்கி நகர்ந்தன. ஒரு கணத்தில் எங்களைச் சுற்றியிருந்த தண்ணீர் வெறுமையாயிற்று. பெரியப்பா காலை உள்ளே இழுத்துக் கொண்டார். “இவ்வளவு பெரிய இரும்பு வண்டிக்கு அஞ்சாதது, என் ஒற்றைக் காலுக்கு அஞ்சுகிறதே” என்றார்.

அதற்கு வழிகாட்டி கூறிய விளக்கத்தை அப்படியே உங்களுக்குச் சொல்கிறோம். பறவைக்கு வண்டி ஒரு பெரிய மாடு போன்றது. அது வருகிறது, நிற்கிறது, போகிறது. கல் எறிவதில்லை, வலை வீசுவதில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் உருவத்தை மட்டும் பறவைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கின்றன. ஆதலின் கார் என்பது அங்கே பயண வண்டியன்று; நம்மை ஒளித்து வைக்கும் ஒரு மறைவு. வயலில் கிளியோட்டும் பரண் போல என்று வைத்துக் கொள்ளலாம். பரணில் இருப்பவன் பறவையை விரட்டுகிறான்; காரில் இருப்பவன் பறவைக்குத் தெரியாமல் இருக்கிறான். வேறுபாடு அவ்வளவே.

பறவை எழுந்து பறந்தால் என்ன கெட்டுவிடும், மறுபடி இறங்கத்தானே போகிறது என்று நாங்களும் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான். கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு கைப்பிடி நெல்லுக்கும் குறைவு. அது வட துருவத்தை அடுத்த சைபீரியக் கரைகளில் குஞ்சு பொரிக்கிறது. அங்கே பனி சூழ்ந்ததும் பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து இங்கு வருகிறது. பங்குனி சித்திரையில் திரும்பிச் செல்கிறது. திரும்பிச் செல்வதற்கு வேண்டிய கொழுப்பை இங்குள்ள சேற்றிலிருந்துதான் அது சேர்த்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை வீணாக எழுந்து பறக்கும்பொழுதும் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு கரைகிறது; மேய்வதற்குரிய நேரமும் போகிறது. நாள் முழுதும் ஏரோட்டிய மாட்டைத் தொட்டியில் வாய் வைக்கும்பொழுதெல்லாம் அடித்து விரட்டினால் மறுநாள் அது ஏரில் நிற்குமா? நாள்தோறும் காலையும் மாலையும் வெடி போடும் ஏரியில் தங்கும் வாத்தின் நிலை அதுதான். அதனால்தான் நம் ஏரியிலிருந்து ஒரு வாரத்தில் அவை போய்விட்டன.

இத்தகைய செய்திகள் எவ்வாறு தெரிய வந்தன என்றால், காலில் வளையமிட்டுப் பார்த்ததால்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டி, மீண்டும் பறக்க விடுகிறார்கள். அந்த வளையம் வேறொரு நாட்டில் கிடைத்தால், போன வழி தெரிகிறது. டாக்டர் சாலிம் அலி இந்தக் கரைக்கு வந்து ஆராய்ந்திருக்கிறார். முன்பு வந்த எண்ணிக்கையில் இப்பொழுது கரைப் பறவைகள் வருவதில்லை என்பதையும் அதே கழகத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்தது, உப்பின் அளவு மிகுந்தது முதலியவற்றைக் காரணமாகக் கூறுகிறார்கள். உப்பளங்களில் ஒன்றைக் கவனித்தோம். கடல் நீரை முதலில் தேக்கி வைக்கும் பெரிய பாத்திகளில் பறவை இருந்தது. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் ஒன்றுமில்லை. மேலணையிலும் கீழணையிலும் நாம் திறப்பதும் மூடுவதும் வெகு தொலைவில் ஒரு பூநாரையின் இரையைத் தீர்மானிக்கிறது என்பது நாங்கள் அதுவரை நினைத்துப் பாராதது.

காரிலிருந்து பறவை காண்பதற்கென்றே தனிச் சாலை அமைத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையில் சனிபெல் என்ற தீவு. அங்கே 1945ஆம் ஆண்டு ஒரு காப்பிடம் ஏற்பட்டது. பின்னர் அதற்காக உழைத்த டிங் டார்லிங் என்ற கேலிச் சித்திரக்காரரின் பெயரை அதற்கு இட்டார்கள். அலையாத்திக் காட்டினூடே ஏறக்குறைய ஆறரை கிலோ மீட்டர் நீளமுள்ள ஒருவழிச் சாலை அங்கே உண்டு. மக்கள் மெதுவாகக் காரை ஓட்டிச் சென்று, நின்று, பறவைகளைக் காண்கிறார்கள். எங்களைக் கவர்ந்தது சாலையன்று; வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமைதோறும், அந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள் என்பது. அன்று பறவைகளுக்கு ஓய்வு. நம் ஊர்ச் சந்தைக்கும் வார விடுமுறை உண்டு. ஏரிக்கு ஏன் இருக்கக் கூடாது?

இந்தியாவில் அவ்வாறு பறவைக்கென்றே அமைக்கப்படாவிட்டாலும் அதே பயன் தரும் சாலை ஒன்று பழவேற்காடு ஏரியில் இருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே செல்லும் சாலை அது. விண்வெளி நிலையத்துக்குப் போகும் வழியில் பூநாரைகளைக் கண்டு செல்கிறார்கள். நமக்கு மிக அருகில் என்றால் வீராணம். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு ஏரிக்கரை மேலேயே சாலை செல்கிறது. திரும்பி வரும்பொழுது அங்கே நிறுத்திப் பார்க்க விரும்பினோம். ஆனால் பேருந்தும் லாரியும் இடைவிடாமல் செல்லும் சாலையில் காரை நிறுத்திப் பறவை பார்ப்பது அறிவுடைமையன்று. எங்கள் ஓட்டுநர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியே.

காரில் செல்வோரிடமும் குற்றம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். கோடியக்கரைச் சாலையில் மற்றொரு வண்டி எங்களுக்கு முன் சென்றது. அதிலிருந்த இளைஞர்கள் பூநாரைகள் பறக்கும் காட்சியைப் படமெடுக்க விரும்பி ஒலிப்பானை விடாமல் அழுத்தினார்கள். படம் நன்றாக வந்திருக்கும். ஆனால் அந்தக் காலை முழுதும் அந்தப் பக்கம் பறவை திரும்பவில்லை. வலை வீசுபவனும் வெடி போடுபவனும் மட்டுமல்லர், ஆசையோடு பார்க்க வருபவனும் பறவையை விரட்ட முடியும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கடலோரச் சதுப்பு நமக்கு இல்லை. ஆனால் திட்டக்குடிக்கு அருகே, வெள்ளாற்று நீரைத் தொழுதூரில் தடுத்துத் திருப்பி நிரப்பும் வெலிங்டன் ஏரி இருக்கிறது. கிழக்கே வீராணம் இருக்கிறது. இடையில் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஏரிகள். கரைவெட்டி ஏரிக்கு இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து வருகிறது என்றால், இடையிலுள்ள நம் ஏரிகளில் அதே வழியே வரும் மற்ற வாத்துகள் இறங்கக் கேட்பானேன்? கரைவெட்டியும் பாசன ஏரிதான் என்று முன்னரே சொன்னோமே. அது காப்பிடமானதால் உழவு நின்றுவிடவில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே இருநூறு ஆண்டு வழக்கு ஒன்று உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபொழுது ஊரார் அப்போதைய கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டு கலெக்டர் பிளேஸ் அவர்களுக்குக் காப்புரிமை எழுதிக் கொடுத்தார். அரசு அதைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது 1936ஆம் ஆண்டுதான். அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஊராரே காத்தார்கள். அழகுக்காக அன்று. மரத்தில் அடையும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போதும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். உழவரின் கணக்கு அது.

பறவையால் பயனே உண்டு, தீங்கில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நீலத் தாழைக்கோழி நெற்பயிரின் தண்டைக் கிழித்துத் தின்கிறது. வாத்துக் கூட்டம் நாற்றங்காலில் இறங்கினால் மறுநாள் நாற்றில்லை. மயிலைப் பற்றி இங்கே பேச்செடுத்தால் பொழுது விடிந்துவிடும். ஆனால் நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையையும் நண்டையும் தேடித் தின்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நத்தையைப் பிடிப்பதற்கு வாய்த்த அலகு அது. உண்ணிக் கொக்கு ஏருக்குப் பின் நடந்து புழுவைப் பொறுக்குகிறது. ஒன்றின் குற்றத்துக்காக மற்றொன்றை வலையில் பிடிக்கும் வழக்கம் நியாயமாகாது. அன்றியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாங்கித் தின்பவரும் தப்ப முடியாது என்பதைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி விலை கேட்பவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நம் ஏரிக்கரையில் காரில் பறவை காணும் ஏற்பாடு செய்யலாமா என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். எங்கள் கருத்தைச் சொல்கிறோம். எல்லாக் கரையிலும் கூடாது. கரை முதலில் தண்ணீரைத் தாங்குவதற்கு. அதன் பிறகே மற்றவை. மழைக் காலத்தில் ஈர மண் கரை மேல் வண்டி ஓடினால் தடம் விழும். தடத்தில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் உடைப்புக்கு வழி தேடும். கப்பிச் சாலை ஏற்கெனவே உள்ள கரையில், மழை ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரையில், காலை இரண்டு மணி நேரம் மட்டும், ஒரு பக்கமாகப் போய் மறுபக்கம் இறங்கும்படி வைத்துக் கொள்ளலாம். இறங்கக் கூடாது. நாற்பது ஐம்பது வண்டிகள் வரத் தொடங்கினால் பறவையும் போய்விடும், கரையும் போய்விடும். ஆதலின் விளம்பரம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளைப் பொங்கல் விடுமுறையில் ஒரு வேனில் அழைத்துச் சென்று எண்ணச் சொல்லலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நம் ஏரிக் கணக்கும் அதில் சேரும்.

கார் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோடியக்கரையிலிருந்து வந்த பின் நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஏரிக்கரையோரம் நின்றிருந்தது. அதன் மறைவில் அசையாமல் உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் மடையான் ஒன்று பத்தடி தூரத்தில் வந்து நின்று மீன் பிடித்தது. முன்வரிசைப் பெரியவருக்கு எங்கள் விடை இதுதான். மடையிலே நிற்கிற கொக்கை நாம் இத்தனை நாளும் பார்த்தோம். அது நம்மைப் பார்த்து ஓடுவதைத்தான் பார்த்தோம். ஓடாதபொழுது அது என்ன செய்கிறது என்பதைக் காண இருநூறு கிலோ மீட்டர் போக வேண்டியிருந்தது.

இப்பொழுது கடினமான பகுதி. வலையை நிறுத்துவது எளிது. நாம் வாய் திறந்தால் போதும். வெடியை நிறுத்துவது எளிதன்று. குத்தகைதாரரை நாங்கள் நேரில் சென்று கண்டோம். அவர் கெட்டவர் அல்லர். குஞ்சு வாங்கி விடக் கடன் பட்டிருக்கிறார். “நீர்க்காகம் மூழ்கி மூழ்கி மீனை அள்ளுகிறது, நான் பார்த்துக் கொண்டிருக்கவா? வெடி போடக் கூடாது என்றால் குத்தகைத் தொகையில் குறைத்துக் கொள்ளுங்கள்” என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் தின்பவைதான். ஆனால் அவர் விரட்டிய கிளுவையும் ஊசிவால் வாத்தும் பெரும்பாலும் விதையும் நீர்ப்பூண்டும் மேய்பவை. அவற்றுக்கு வளர்ப்பு மீன் வேண்டியதில்லை. வெடிச் சத்தத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. ஆகவே அடுத்த குத்தகையில் ஒரு நிபந்தனை சேர்க்கும்படி கிராம சபை கேட்கலாம். வெடி கூடாது, குஞ்சு விடும் மூலையில் மட்டும் மேலே கயிறு கட்டிக் கொள்ளலாம், ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவை அடைந்திருக்கும் மாதங்களில் அவற்றை வெட்ட ஏலம் விடக் கூடாது. இவற்றால் குத்தகைத் தொகை குறையும். எவ்வளவு குறையும் என்பது ஏலத்தில்தான் தெரியும். அந்தக் குறைவை ஏற்க ஊர் தயாரா என்பதே கேள்வி. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பணம் போதவில்லை என்று சொல்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யன்று. எங்களைக் கேட்டால், ஏற்கலாம் என்போம்.

அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடும். வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கத் தொடங்கும் காலமும் அதுவே. தீர்மானத்தை அன்று கொண்டு வர விரும்புகிறோம். குத்தகைதாரரையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முதலில் பேசட்டும்.